பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒப்புரவு செய்யச் செல்வோருக்கு

முதல் நற்கருணை வாங்கிய வயதில் ஒழுங்காக ஒப்புரவு (குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் அருட்சாதனம்) செய்து, உறுதிபூசுதலுக்கு முன் ஒருமுறையும் திருமணத்திற்கு முன் ஒருமுறையும் செய்துவிட்டு, அதன்பின் அந்தப் பக்கமே போகாமல் இருக்கும் கத்தோலிக்கர்கள் நம் பங்குகளில் ஏராளம். அவர்களில் பலர் ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வருகிறார்கள். மன்னிப்பு வேண்டும் என்ற ஏக்கமும் அவர்களுக்கு இருக்கிறது. ஆனால் செபங்கள் மறந்துபோயின, சாமியார் என்ன நினைப்பாரோ, இவ்வளவு பெரிய பாவத்தை எப்படிச் சொல்வது என்ற தயக்கம் காலைப் பின்னுக்கு இழுக்கிறது. அப்படித் தயங்கி நிற்கும் ஒருவர் வீட்டிலிருந்து புறப்படுவது முதல், பாவத்திற்கு ஈடாகக் குரு தரும் பரிகாரத்தை முடிப்பது வரை என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது, மீட்பு நாம் உழைத்துப் பெறும் கூலி அல்ல என்பதுதான். அது கடவுளின் கொடை என்று எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரம் தெளிவாகச் சொல்கிறது. லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் வரும் இளைய மகன், தந்தையிடம் சொல்ல வேண்டியதைப் பன்றிகள் நடுவிலேயே தயாரித்துக்கொள்கிறான். கடைசியில் தன்னைக் கூலியாள்களுள் ஒருவனாக வைத்துக்கொள்ளும்படி கேட்பதாக முடிவு செய்கிறான். ஆனால் தந்தை தொலைவிலேயே அவனைக் கண்டு, ஓடிவந்து, கட்டித் தழுவி முத்தமிடுகிறார். மகன் பேசத் தொடங்கி, தான் பாவம் செய்ததைச் சொல்கிறான்; கூலியாள் என்ற அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவன் சொல்வதாக நற்செய்தியில் இல்லை. அதற்குள் தந்தை முதல்தரமான ஆடையைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். ஒப்புரவுக்குச் செல்பவர் இந்தப் பகுதியை முந்தைய நாள் இரவே நிதானமாக வாசித்துவிடுவது நல்லது. திருமுழுக்குப் பெறாதவருக்கு, மன்னிப்பின் வாசல் திருமுழுக்கே ஆகும் என்பதால், அவர் பங்குத்தந்தையைச் சந்தித்து அதற்கான தயாரிப்பைத் தொடங்க வேண்டும்.

அடுத்தது மனச்சான்றை ஆய்வு செய்வது. இதற்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். தூய ஆவியாரின் துணையை வேண்டிக்கொண்டு, பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து உங்கள் வாழ்வோடு பொருத்திப் பாருங்கள். பொத்தாம்பொதுவாக "கோபப்பட்டேன், பொய் சொன்னேன்" என்று எழுதி முடித்துவிடாதீர்கள். உடன்பிறந்த சகோதரிக்குச் சேர வேண்டிய சொத்துப் பங்கைக் கொடுக்காமல் கையெழுத்து வாங்கியது, வேலையாளின் கூலியைப் பிடித்தது, மருமகள் கொண்டுவந்த நகையைச் சொல்லிக் குத்திக்காட்டியது, முதிய பெற்றோரை ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வதோடு கடமை முடிந்தது என்று இருந்தது, உண்மையா என்று தெரியாத அவதூறை வாட்ஸ்அப்பில் பரப்பியது, மனைவிக்குத் தெரியாமல் வைத்திருந்த உறவு என்று நடந்ததை நடந்தபடியே மனத்தில் கொண்டுவாருங்கள். செய்யத் தவறிய நன்மைகளும் இதில் அடங்கும். சாவான பாவங்களை, அதாவது தெரிந்தே, மனமுவந்து செய்த கனமான பாவங்களை, அவற்றின் வகையோடும், நினைவில் உள்ளவரை எத்தனை முறை என்பதோடும் அறிக்கையிட வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். சரியான எண்ணிக்கை தெரியாவிட்டால், ஏறத்தாழ எவ்வளவு காலம், எவ்வளவு அடிக்கடி என்று சொன்னால் போதும். குறித்து வைத்துக்கொள்ளத் தாள் பயன்படுத்தலாம். முடிந்ததும் அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். பிறர் உங்களுக்குச் செய்த கொடுமை உங்கள் பாவம் அல்ல. சிறுவயதில் யாரோ செய்த அத்துமீறலையும், கணவனிடம் வாங்கிய அடியையும் தங்கள் குற்றமாகச் சுமந்துகொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றி அருட்தந்தையிடம் மனம் திறந்து பேசலாம், ஆறுதல் பெறலாம். ஆனால் அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

ஆய்வுக்குப் பின் மனவருத்தம். கண்ணீர் வந்தால்தான் வருத்தம் என்று எண்ண வேண்டாம். கடவுளின் அன்புக்கு எதிராக நடந்தேன், இனி அந்த வழியில் போக மாட்டேன் என்று உள்ளத்தில் உறுதியாகத் தீர்மானிப்பதே அது. மீண்டும் விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் இருப்பதால் தீர்மானம் பொய்யாகிவிடாது; எழுந்திருக்க விரும்புகிறீர்களா என்பதே கேள்வி. தாவீது அரசர் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவையும் கொல்லச் செய்த பாவத்தோடு தொடர்புபடுத்தப்படும் 51ஆம் திருப்பாடலை இந்த நேரத்தில் செபிப்பது மிகுந்த பயன் தரும்.

எந்தக் குருவிடம் செல்வது என்பதில் உங்களுக்கு முழு உரிமை உண்டு. சொந்தப் பங்கில் கூச்சமாக இருந்தால் பக்கத்துப் பங்கிற்கோ, வேளாங்கண்ணி போன்ற திருத்தலத்திற்கோ செல்லலாம். பல ஆண்டுகள் இடைவெளி விழுந்திருந்தால், திருப்பலிக்கு முந்தைய நெருக்கடியான பத்து நிமிடங்களைத் தவிர்த்து, அருட்தந்தையிடம் முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொள்வதே சிறந்தது. தவக்காலத்தின் கடைசி வாரத்தில் வரிசை நீளமாக இருக்கும்.

முழந்தாளிட்டதும் சிலுவை அடையாளம் வரைந்து, "என்னை ஆசீர்வதியும் சுவாமி, நான் பாவி" என்று தொடங்கலாம். கடைசியாக எப்போது ஒப்புரவு செய்தீர்கள் என்பதையும், முறை மறந்துவிட்டது என்பதையும் உடனே சொல்லிவிடுங்கள். அருட்தந்தை கேள்வி கேட்டு வழிநடத்துவார். சொல்ல மிகவும் கடினமான பாவத்தை முதலிலேயே சொல்லிவிடுவது என் பரிந்துரை. அதைக் கடைசிக்கு வைத்தால் நாக்கு எழாமல் போய்விடும். சாவான பாவம் ஒன்றை வேண்டுமென்றே மறைத்தால் அந்த ஒப்புரவு செல்லாது. காரணங்களை விளக்கி மற்றவர்மேல் பழிபோட வேண்டாம். அடுத்தவரின் பெயரையும் சொல்ல வேண்டாம். பிறகு அருட்தந்தை அறிவுரை கூறி, பரிகாரம் கொடுத்து, மனத்துயர் செபத்தைச் சொல்லச் சொல்வார். அது நினைவில் இல்லாவிட்டால் உங்கள் சொந்த வார்த்தைகளில் கடவுளிடம் மன்னிப்புக் கேளுங்கள். அவர் தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் பாவமன்னிப்பு வழங்கும்போது சிலுவை அடையாளம் வரைந்து "ஆமென்" என்று பதிலுரையுங்கள்.

நீங்கள் சொன்னது வெளியே போகுமோ என்று அஞ்ச வேண்டாம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, ஒப்புரவில் கேட்டதைச் சொல்லாலோ வேறு எவ்வகையிலோ எக்காரணம் கொண்டும் வெளிப்படுத்தக்கூடாது என்று குருவைக் கட்டுப்படுத்துகிறது. நேரடியாக மீறும் குரு திருச்சபையின் உறவிலிருந்தே விலக்கப்படுகிறார். கருக்கலைப்பின் சுமையோடு இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: ஒப்புரவு கேட்கும் எல்லாக் குருக்களுக்கும் அந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டில் நிலையாக வழங்கினார். ஆயரிடம் போக வேண்டியிருக்குமோ என்று தயங்கத் தேவையில்லை. திருமண வாழ்வில் திருச்சபை முறைப்படி ஒழுங்குபடுத்த வேண்டிய சிக்கல் இருப்பவர்கள், அதைத் தனியாக அமர்ந்து பேசப் பங்குத்தந்தையிடம் நேரம் கேட்பது நலம்.

பரிகாரத்தை அன்றே, முடிந்தால் ஆலயத்தை விட்டு வெளியே வருமுன் செய்துவிடுங்கள். உடல்நிலையாலோ சூழ்நிலையாலோ செய்ய முடியாத ஒன்றாக அது தோன்றினால், அங்கேயே சொல்லி மாற்றித்தரக் கேட்கலாம். ஆனால் செபங்களோடு எல்லாம் தீர்ந்துவிடாது. நற்செய்தியில் வரும் வரிதண்டுவோரான சக்கேயு, ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்; கெடுத்த பெயரைச் சரிசெய்ய இயன்றதைச் செய்ய வேண்டும்; பேசாமல் இருக்கும் அண்ணனுக்கு நீங்களே முதலில் போன் செய்ய வேண்டும். திருப்பிக் கொடுப்பதால் குடும்பத்தில் பெரிய சிக்கல் எழும் என்றால், எப்படிச் செய்வது என்று அருட்தந்தையிடமே ஆலோசனை கேளுங்கள்.

வீடு திரும்பிய பிறகு விடுபட்ட பாவம் ஒன்று நினைவுக்கு வரக்கூடும். வேண்டுமென்றே மறைக்காமல் மறந்துபோன பாவமும் மற்றவற்றோடு மன்னிக்கப்பட்டுவிட்டது. அது சாவான பாவமாக இருந்தால் அடுத்த ஒப்புரவில் அதைச் சொன்னால் போதும். அதுவரை நற்கருணை வாங்கத் தயங்க வேண்டாம்.