ஸ்லாக்கிலும் ரிவ்யூவிலும் ‘ங்க’ போடுவது எப்படி

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு புல் ரிக்வெஸ்டில் (நாம் எழுதிய கோட் சேர்க்கப்படும் முன் டீமில் மற்றவர் பார்த்து ரிவ்யூ செய்யும் இடம்) நான் போட்ட கமென்ட் இவ்வளவுதான்: “ஒய் டிட் யூ டூ திஸ்?” டீமில் சேர்ந்து இரண்டே மாதம் ஆன ஒரு தம்பியின் கோட் அது. காரணம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் பதில் எழுதவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எல்லாவற்றையும் மாற்றி எழுதிப் புஷ் செய்திருந்தார். அந்த மாற்றத்தில், சோதனைக்கான ஸ்டேஜிங் சர்வரில் வேறு இரண்டு ரிப்போர்ட்டுகள் உடைந்தன. அவற்றுக்கும் பொதுவான குவெரியை (டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் கட்டளை) தொட வேண்டாம் என்று, செய்ய வேண்டிய வேலையை விவரிக்கும் டிக்கெட்டிலேயே இருந்ததாம். அதனால்தான் முதலில் அப்படி எழுதியிருக்கிறார். மறுநாள் டீ குடிக்கும்போதுதான் இதைச் சொன்னார். “நீங்க கோவமா இருக்கீங்கன்னு நெனச்சேன் அக்கா” என்றார்.

அதே கேள்வியை நேரில் “ஏம்ப்பா, இத ஏன் இப்படி வச்சிருக்கீங்க?” என்று கேட்டிருந்தால் அப்போதே காரணத்தைச் சொல்லியிருப்பார். பேச்சில் நமக்கு ‘ங்க’ இருக்கிறது, ‘கொஞ்சம்’ இருக்கிறது, குரலும் முகமும் இருக்கின்றன. ஆபீஸ் ஆங்கிலத்தில் டைப் செய்யும்போது இவை அத்தனையும் உதிர்ந்துவிடுகின்றன. அந்தக் குறையை நிரப்பத்தான் நம்மில் பலர் “கைண்ட்லி”, “ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்” என்று அடுக்குகிறோம். படிப்பவருக்கு அதில் மரியாதை தெரிகிறதோ இல்லையோ, என்ன செய்ய வேண்டும் என்பது தெரிவதில்லை. எழுத்தில் ‘ங்க’வின் வேலையைச் செய்வது விவரம்தான். ஏன் கேட்கிறோம், எப்போதைக்கு வேண்டும், முடியாது என்றால் பரவாயில்லையா என்ற மூன்றும் இருந்தால் போதும்.

அந்தக் கமென்டை இன்றைக்கு எழுதினால் இப்படி எழுதுவேன். (நாங்கள் எழுதுவது ஆங்கிலத்தில், இங்கே தமிழில் தருகிறேன்.) “இந்த லூப்புக்குள் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு குவெரி போகிறது. 200 ஆர்டர் வந்தால், பட்டியலை எடுக்கும் முதல் குவெரியோடு சேர்த்து மொத்தம் 201 குவெரி ஆகிவிடும். ஒரே குவெரியில் எடுக்க முடியுமா? இப்படி வைக்கக் காரணம் இருந்தால் சொல்லுங்கள், நான் டிக்கெட்டை முழுக்கப் படிக்கவில்லை.” இதில் பேச்சு முழுக்க ‘கோட்’ பற்றியது. முதல் வாக்கியத்தில் ‘நீ’ இல்லை. 201 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. கடைசி வாக்கியம் அவர் மறுப்பதற்குக் கதவைத் திறந்து வைக்கிறது. அந்தக் கதவு நிஜமாகவே திறந்திருக்க வேண்டும். பதில் வந்தபின், “சரி, நீங்கள் சொல்வது சரிதான்” என்று அதே இடத்தில் எழுதுங்கள், மற்றவர்களும் பார்க்கட்டும்.

கூகுள் பொதுவில் வைத்திருக்கும் ரிவ்யூ வழிகாட்டியும் ஆளைப் பற்றி எழுதாதே, ‘கோட்’ பற்றி எழுது என்றுதான் சொல்கிறது. அதில் இன்னொரு நல்ல பழக்கமும் உண்டு: மாற்றினால் நல்லது, மாற்றாவிட்டாலும் பரவாயில்லை என்ற அளவிலான கமென்டுக்கு முன்னால் ‘நிட்’ என்று போடுவது. புதிதாகச் சேர்ந்தவருக்கு இது பெரிய உதவி. பத்துக் கமென்டில் எது கட்டாயம், எது விருப்பம் என்று அவர் தவித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அடுத்தது, வெறும் “ஹாய்”. நம் ஊரில் எடுத்தவுடன் விஷயத்துக்கு வருவது முறையில்லை. வாங்க, சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைப் பேசுவோம். அந்த நல்ல பழக்கம் ஆபீஸ் சாட்டான ஸ்லாக்கில் மட்டும் திசைமாறிப் போகிறது. நம்மோடு வேலை செய்பவர் கலிஃபோர்னியாவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊர் நமக்குக் கோடையில் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. ஜூன் மாதத்தில் நாம் காலை 10 மணிக்கு “ஹாய்” என்று மட்டும் போட்டால் அங்கே முந்தின இரவு 9:30. அவர் காலை 8 மணிக்குப் பார்த்து “ஹாய், சொல்லுங்க” என்பார். நமக்கு அப்போது இரவு 8:30. கேள்வியைக் கேட்காமலேயே ஒரு நாள் போய்விட்டது. வணக்கமும் கேள்வியும் ஒரே மெசேஜில் போகட்டும்: “ஹாய், பேமென்ட் சர்வீஸ் பில்ட் நேற்றிலிருந்து ஃபெயில் ஆகிறது. லாக் கீழே இருக்கிறது. கேஷை அழித்துப் பார்த்தேன், மாற்றமில்லை. வியாழன் காலை 10 மணிக்குள், இந்திய நேரம், ஒரு வழி தெரிந்தால் ரிலீஸைத் தள்ளாமல் இருக்கலாம்.” என்ன செய்து பார்த்தோம் என்று சொல்வதுதான் இதில் பெரிய மரியாதை. ‘ஈஓடி’ (எண்ட் ஆஃப் டே) என்று போடாதீர்கள், யாருடைய நாள் முடிவது என்று அவருக்குத் தெரியாது.

சில வார்த்தைகளில் தனிக் கவனம் வேண்டும். “ப்ளீஸ் ரிவர்ட்” என்றால் நமக்குப் பதில் போடுங்கள் என்று பொருள். கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ (Git) கருவியைப் புழங்கும் அமெரிக்கருக்கு, மாற்றத்தைத் திரும்ப எடு என்று பொருள். மாற்றங்களை லைவில் ஏற்றும் டிப்ளாய்மென்ட் நாளில் இந்த வார்த்தை ஆபத்தானது. “ஐ ஹாவ் எ டவுட்” என்றால் நாம் சந்தேகம் கேட்கிறோம். அவர், தன் சொல்லை நாம் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். ‘கேள்வி’ என்றே எழுதிவிடுங்கள். ‘சார்’, ‘மேடம்’ அங்கே வேண்டாம், பெயர் போதும். நம் டீமுக்குள் அக்கா, ப்ரோ எல்லாம் இருக்கட்டும். ஆனால் த்ரெட்டில் தமிழ் தெரியாத ஒருவர் இருந்தால் தமிழில் எழுதாதீர்கள். ஹைதராபாத்திலிருந்து வந்த ஒருவர் நாங்கள் தமிழில் முடிவெடுத்த விஷயத்தை மூன்று நாள் கழித்துத் தெரிந்துகொண்டபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். அது தவறு, முழுக்க எங்கள் தவறு.

ஸ்லாக்கில் ‘@சேனல்’ போட்டால் சேனலில் உள்ள எல்லோருக்கும் தகவல் போகும், ‘@ஹியர்’ போட்டால் அந்த நேரத்தில் ஆக்டிவாக இருப்பவர்களுக்கு மட்டும். இரவு 11 மணிக்குத் தோன்றியதைக் காலை 9 மணிக்குப் போகுமாறு ஷெட்யூல் செய்யலாம். கோபத்தில் எழுதிய மெயிலுக்கு ஜிமெயிலில், அனுப்பியதை நிறுத்த உதவும் ‘அன்டூ’ நேரத்தை 30 நொடியாக மாற்றி வையுங்கள். அதற்கு மேல் கிடைக்காது.

ப்ரொடக்‌ஷன் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிஜ சர்வர்) விழுந்த நேரத்தில் “யார் மாத்தினது?” என்று யாரும் எழுதக் கூடாது. “2:10க்குப் போன டிப்ளாய்மென்டுக்குப் பிறகு எரர் ஏறியிருக்கிறது, அதில் என்னென்ன மாற்றம் இருந்தது?” என்று கேட்டால், மாற்றியவரே முன்வந்து சொல்வார். முதல் கேள்வியைக் கேட்டால் அவர் ஒளிந்துகொள்வார், சர்வர் விழுந்தபடியே கிடக்கும்.

உதவி கிடைத்தபின் வெறும் ‘தேங்க்ஸ்’ போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். எது சரிசெய்தது என்று அதே த்ரெட்டில் ஒரு வரி எழுதுங்கள்: “நோட் (Node.js) வெர்ஷன்தான் பிரச்சினை, நீங்கள் சொன்னபடி மாற்றியதும் பில்ட் ஓடிவிட்டது.” ஆறு மாதம் கழித்து அதே எரரைத் தேடி வருகிறவர் அந்த வரியில்தான் வந்து நிற்பார்.