புதுமைப்பெண் உதவித்தொகை: பணம் நிற்காமல் வர

தமிழக அரசின் இந்தத் திட்டத்தில், அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்துவிட்டுக் கல்லூரி சேர்ந்த மாணவிக்கு மாதம் ரூ.1,000. ஆண் மாணவர்களுக்கு இதே தொகை தமிழ்ப்புதல்வன் திட்டத்தில். சேர்ந்த வாரமே கல்லூரி அலுவலகத்தில் ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பாஸ்புக் நகல்களைக் கொடுத்து, கல்லூரி வழியாகவே பதிவு செய்யுங்கள்.

பணம் சிக்குவது பெரும்பாலும் வங்கியில்தான். ‘ஆதார் கொடுத்தாச்சே’ என்பது போதாது. கணக்கில் ஆதார் எண் இருப்பது வேறு, நேரடிப் பணப்பரிமாற்றத்துக்கு அதை இணைப்பது வேறு. இரண்டாவதற்குத் தனி ஒப்புதல் படிவம் உண்டு. கேட்டு வாங்கிக் கையெழுத்திடுங்கள். ஆதார் இணையதளத்தில் ‘வங்கி இணைப்பு நிலை’யைத் திறந்தால் வங்கியின் பெயரும் ‘ஆக்டிவ்’ என்பதும் தெரிய வேண்டும். கடைசியாக எந்த வங்கியில் இணைத்தீர்களோ அங்கேதான் பணம் போகும். இடையில் வேறு வங்கியில் கணக்கு தொடங்கி, அங்கே படிவத்தில் இந்த ஆதார் இணைப்புக்கு டிக் அடித்திருந்தால், பழைய பாஸ்புக்கை எத்தனை முறை பதிந்தாலும் வரவு தெரியாது.

ஆதாரில் ‘எஸ். கவிதா’, மதிப்பெண் பட்டியலில் ‘கவிதா எஸ்’ என்றிருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரைத் திருத்துங்கள். படிப்பை இடையில் விட்டால் தொகையும் நிற்கும். கல்லூரி மாறினால் புதிய கல்லூரியில் உடனே தெரிவியுங்கள்.