வேலையை விடாமல் தொலைநிலையில் எம்.சி.ஏ. படிப்பது எப்படி?

மென்பொருள் உருவாக்கத்தை முதுநிலை அளவில் தொலைநிலையில் படிக்க நினைப்பவர் முதலில் பட்டத்தின் பெயரைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பொறியியல் படிப்புகளைத் தொலைநிலையில் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிப்பதில்லை. ஆகவே, தொலைநிலையில் எம்.இ. அல்லது எம்.டெக். தருவதாக யாராவது விளம்பரம் செய்தால் அந்த இடத்திலேயே விலகிவிடுவது நல்லது. பணியில் இருப்பவர்களுக்காக பிட்ஸ் பிலானி நடத்தும் எம்.டெக். வேறு வகையைச் சேர்ந்தது. அது நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனத்தோடு பிணைந்த படிப்பு. மற்றவர்களுக்கு எஞ்சியிருப்பவை முக்கியமாக, கணினிப் பயன்பாட்டியல் முதுநிலைப் பட்டமான எம்.சி.ஏ.வும் எம்.எஸ்சி. கணினி அறிவியலும்தான். இவற்றில் நிரல் எழுதுவது, மென்பொருள் வடிவமைப்பு, புராஜெக்ட் ஆகியவற்றுக்குக் கூடுதல் இடம் தருவது எம்.சி.ஏ. என்பதால் அதையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது அங்கீகாரம். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டெப்), எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்தை எந்தச் சேர்க்கைப் பருவத்தில் நடத்தலாம் என்ற பட்டியலைத் தன் தளத்தில் வெளியிடுகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் இருக்கிறது என்பதோடு நின்றுவிடக் கூடாது. நீங்கள் சேரப்போகும் பாடமும் பருவமும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எம்.சி.ஏ.வுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் ஒப்புதலும் கேட்டு உறுதிசெய்ய வேண்டிய ஒன்று. இந்த எச்சரிக்கை வீணான பயம் அல்ல. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியில்லாமல் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்களை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அந்தப் பட்டங்களை நம்பி வேலைக்குச் சேர்ந்து பல ஆண்டுகள் கழிந்தவர்கள் மறுபடியும் தேர்வு எழுத வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். மறுபக்கத்தில், முறையான அங்கீகாரத்தோடு தொலைநிலையில் பெறும் பட்டம் கல்லூரிக்கு நேரில் சென்று பெறும் பட்டத்துக்கு இணையானது என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. தமிழ்நாட்டில் அரசுப் பணியை மனத்தில் வைத்திருப்பவர்கள் மட்டும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இளநிலை, முதுநிலை என்ற வரிசை உடையாமல் இருக்க வேண்டும்.

2024 முதல் சேர்க்கைக்கு முன்பே மானியக் குழுவின் தளத்தில் டெப் அடையாள எண் ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கும் முன்னால் கிரெடிட் வங்கி எனப்படும் ஏ.பி.சி. எண் தேவை. ஆதாரிலும் மதிப்பெண் சான்றிதழிலும் பெயரின் முதலெழுத்து வேறு வேறு இடத்தில் இருப்பது நம் ஊரில் மிகச் சாதாரணம். கடைசி நாளில் இதைச் சரிசெய்ய முடியாது என்பதால் விண்ணப்பம் தொடங்கும் முன்பே பெயரை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள்.

எங்கே சேர்வது என்பதற்கு நான் நீளமாகப் பதில் சொல்லப்போவதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி மையம், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ ஆகிய மூன்றின் பாடத்திட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்து, வார இறுதி வகுப்புகள் நடக்கும் மையம் உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்து முடிவெடுங்கள். கீழே சொல்பவற்றுக்கு இக்னோவின் பாடத்திட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அதன் பாடநூல்கள் முழுவதும் இ-ஞான்கோஷ் என்ற அதன் மின்னூலகத் தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கக் கிடைப்பதால், கட்டணம் கட்டும் முன்பே இரண்டு பாடங்களைப் புரட்டிப் பார்த்து, இந்தப் படிப்பு நமக்கு ஒத்துவருமா என்று எடைபோட்டுவிடலாம். பி.சி.ஏ. படித்தவர்கள் நேரடியாகச் சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்த பி.எஸ்சி., பி.காம்., பி.ஏ. பட்டதாரிகளும் சேரலாம்; ஆனால் அவர்கள் சி, பைத்தான் நிரலாக்கத்தையும், தரவுக் கட்டமைப்புகளும் நெறிமுறைகளும் (அல்காரிதம்) என்ற பாடத்தையும் இணைப்புப் பாடங்களாகக் கூடுதலாக முடிக்க வேண்டும். இவற்றைப் பலர் ஒப்புக்கு எழுதித் தேர்ச்சி பெற்றுவிட்டு, பிறகு நெறிமுறைப் பாடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். கணினிப் பின்புலம் இல்லாதவர் இந்த இரண்டு பாடங்களையும் சேர்க்கைக்கு மூன்று மாதம் முன்பாகவே தொடங்கிவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி, யாரும் சொல்லாத கணக்கு ஒன்று. இக்னோவில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 30 மணி நேர உழைப்பு. படிப்பது, வகுப்பு கேட்பது, அசைன்மென்ட் எழுதுவது, ஆய்வகத்தில் உட்காருவது எல்லாம் அதில் அடக்கம். எம்.சி.ஏ.வின் ஒவ்வொரு பருவமும் 20 கிரெடிட்; அதாவது 600 மணி நேரம். ஒரு பருவத்தை 26 வாரங்களாகக் கொண்டால் வாரத்துக்கு 23 மணி நேரம், நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கும் சற்று அதிகம். அலுவலகம் முடிந்து ஏழரை மணிக்கு வீடு சேர்ந்து, சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு தினமும் மூன்று மணி நேரம் கிடைக்கும் என்று நம்பிக் கட்டணம் கட்டுகிறவர்கள்தான் இரண்டாம் பருவத்தில் காணாமல் போகிறார்கள். கட்டணம் கட்டும் முன் இரண்டு வாரம் ஒரு சோதனை செய்து பாருங்கள்: இ-ஞான்கோஷில் ஏதாவது ஒரு பாடத்தைத் திறந்து, உண்மையில் எத்தனை மணி நேரம் உட்கார முடிகிறது என்று நாள்காட்டியில் குறித்துவையுங்கள். வாரக் கணக்கு பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பக்கத்தில் நின்றால் படிப்பைக் கைவிட வேண்டிய அவசியமில்லை. இரண்டு ஆண்டுப் படிப்பை முடிக்க நான்கு ஆண்டு வரை அவகாசம் இருக்கிறது. ஒவ்வொரு தேர்வுக்கும் பாதித் தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு நான்கு ஆண்டில் முடிப்பதாக முன்கூட்டியே திட்டமிடுவது, எல்லாவற்றையும் எழுதி அரியரைச் சுமப்பதைவிட எவ்வளவோ மேல்.

ஆண்டுக்கு இரண்டு தேர்வுகள், ஜூனிலும் டிசம்பரிலும். எழுத்துத் தேர்வுக்கு முன்பாக அந்தத் தாளின் அசைன்மென்ட்டைக் கொடுத்திருக்க வேண்டும். கேள்விகள் அவ்வப்போது மாறும். இந்தப் பருவத்துக்கானதைக் கொடுக்காமல் விட்டால் அடுத்த முறை புதிய கேள்விகளுக்கு முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கலாம். முதல் பருவத்தில் நான் கடைசிப் பத்து நாளுக்குள் எல்லா அசைன்மென்ட்டையும் எழுதிவிடலாம் என்று விட்டுவைத்தேன். மூன்று தாளைக் கொடுத்தேன், மற்றவை அடுத்த பருவத்துக்குப் போயின. எம்.சி.ஏ. அசைன்மென்ட்டில் எழுத்துக்கு 80 மதிப்பெண் என்றால் வாய்மொழிக் கேள்விகளுக்கு 20 மதிப்பெண் உண்டு. விடைகளை விலைக்கு வாங்கிப் பார்த்து எழுதியவர்கள் அகப்படுவது இங்கேதான். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் எழுதி வாங்குவதும் இதே கதைதான். நீங்கள் எழுதிய விடையைக் கொடுத்துப் பிழை கண்டுபிடிக்கச் சொல்வதில் தவறில்லை. முதல் வரி மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

மென்பொருள் துறையில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்கள் எழுத்துத் தேர்வில் தடுமாறுவதைப் பார்த்துப் பலர் வியப்படைகிறார்கள். காரணம் எளிது: தேர்வு காகிதத்தில் நடக்கிறது. அடைப்புக்குறியை முடித்துத் தரவும், பிழையைச் சிவப்புக் கோடிட்டுக் காட்டவும் அங்கே எடிட்டர் இல்லை. ஆகவே வாரத்துக்கு ஒரு நாளாவது பேனாவோடு படிக்க வேண்டும். வரிசையாக அடுக்கிய எண்களை ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைத்துத் தேடும் இருமத் தேடலை (பைனரி சர்ச்) எடுத்துக்கொள்ளுங்கள். 4, 9, 15, 22, 31, 40, 58 என்ற ஏழு எண்களை 0 முதல் 6 வரையிலான இடங்களில் எழுதி, அதில் 35 இருக்கிறதா என்று தேடுவதாக வைத்துக்கொள்வோம். கீழ் எல்லை 0, மேல் எல்லை 6, நடு 3, அங்கே 22. அது சிறியது என்பதால் கீழ் எல்லை 4 ஆகிறது. இப்போது நடு 5, அங்கே 40. பெரியது, மேல் எல்லை 4 ஆகிறது. நடு 4, அங்கே 31. சிறியது, கீழ் எல்லை 5 ஆகி மேல் எல்லையைத் தாண்டுகிறது, தேடல் முடிகிறது. இப்போது நிரலில் ஒரு சிறு பிழை செய்து பாருங்கள்: கீழ் எல்லைக்கு நடுவோடு ஒன்றைக் கூட்டாமல் நடுவையே கொடுங்கள். நடுவில் வரும் அரையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், எல்லைகள் 3 மற்றும் 6, பிறகு 4 மற்றும் 6, பிறகு 4 மற்றும் 4 என்று வந்து, அதற்குப் பிறகு கீழ் எல்லை 4-இலேயே நின்றுவிடும். நிரல் முடியவே முடியாது. கணினியில் ஓட்டினால் திரை உறைந்தது என்று மட்டுமே தெரியும். காகிதத்தில் எந்த வரியில், ஏன் என்பது கண்ணெதிரே தெரியும். நெறிமுறைத் தாளில் மதிப்பெண் தருவது இந்த மாதிரி வரிவரியான அட்டவணைகள்தான்.

ஆய்வகப் பாடங்களைப் பற்றி ஒரு சொல். அவை வருகைப் பதிவு உள்ளவை; கற்றல் மையத்தில் வார இறுதிகளில் நடக்கும். திருமணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாம் நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக்கே வரும் என்பதால், ஆய்வக அட்டவணை கைக்கு வந்த அன்றே வீட்டாரிடம் அந்தத் தேதிகளைச் சொல்லிவிடுங்கள். செய்த பயிற்சி ஒவ்வொன்றையும் கிட் (Git) என்ற நிரல் சேமிப்புக் களஞ்சியத்தில் தேதியோடு சேமித்து வந்தால், ரெக்கார்டு எழுதும்போது நினைவைக் கசக்க வேண்டியதில்லை.

நான்காம் பருவத்தின் புராஜெக்ட் 12 கிரெடிட். 360 மணி நேரம். மொத்தப் படிப்பில் மென்பொருள் உருவாக்கம் என்ற சொல்லுக்கு முழுப் பொருள் கிடைப்பது இங்கேதான். முன்மொழிவைத் தகுதியுள்ள வழிகாட்டி ஒருவரின் விவரங்களோடு கொடுத்து ஒப்புதல் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும் என்பதால், வழிகாட்டியை மூன்றாம் பருவத்திலேயே தேடிப் பிடித்துவிடுங்கள். தலைப்பைப் பொறுத்தவரை, மருத்துவமனை மேலாண்மை, நூலக மேலாண்மை, மாணவர் வருகைப் பதிவு ஆகிய மூன்றையும் தேர்வாளர்கள் பார்த்துச் சலித்திருப்பார்கள். உங்கள் தெருவில் நோட்டில் கணக்கு எழுதும் ஒருவரைத் தேடுங்கள்.

ஈரோட்டுப் பக்கம் விசைத்தறிக் கூடம் ஒன்றின் வாரக் கூலிக் கணக்கை நினைத்துப் பாருங்கள். தறி ஓட்டுபவர் நெய்து கொடுத்த துணி இத்தனை மீட்டர், ரகத்துக்கு இவ்வளவு கூலி, அதில் முன்பணத்துக்குப் பிடித்தம் இவ்வளவு. கேட்பதற்குச் சிறிய கணக்கு. ரகத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே கூலியை ஒரு கட்டமாக வைத்து அட்டவணையை உருவாக்கிவிட்டால் முதல் மாதம் எல்லாம் சரியாகவே நடக்கும். பிறகு ஒரு புதன்கிழமை முதல் மீட்டருக்கு 40 காசு கூட்டுகிறார்கள். அந்தக் கட்டத்தை மாற்றிய அடுத்த நொடியில் சென்ற மாதத்துச் சீட்டுகளின் தொகையும் மாறிப்போகும். ஆகவே கூலி வீதத்தைத் தனி அட்டவணையாக்கி, ரகம், வீதம், நடைமுறைக்கு வந்த தேதி என்று மூன்று கட்டம் வைத்து, துணி கொடுத்த தேதியன்றோ அதற்கு முன்போ வந்த வீதங்களில் கடைசியானதை எடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை கொடுத்த துணியும் வியாழக்கிழமை கொடுத்த துணியும் ஒரே வாரச் சீட்டில் இரண்டு வீதத்தில் வருகின்றனவா என்பதே முதல் சோதனை. முன்பணப் பிடித்தத்துக்கும் ஒரு விதி கேட்டு வாங்க வேண்டும்: நோம்பி (பண்டிகை) வாரத்தில் பிடிப்பதில்லை என்று முதலாளி சொல்வார், அது எந்த நோட்டிலும் எழுதப்பட்டிருக்காது. மென்பொருள் பொறியியல் பாடத்தில் தேவை சேகரித்தல் என்று பக்கம் பக்கமாகப் படித்தது இந்த ஒரு பேச்சுக்காகத்தான்.

அறிக்கையில் ஸ்கிரீன்ஷாட்களை அடுக்கிப் பக்கத்தைக் கூட்டாமல், இந்த மாதிரி முடிவுகளை ஏன் எடுத்தீர்கள் என்று எழுதுங்கள்; வாய்மொழித் தேர்வில் கேட்கப்படுவது பெரும்பாலும் அதுதான். தேர்வு மையத்தில் இணையம் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். தரவுத்தளம் உங்கள் கணினியிலேயே இணையம் இல்லாமல் ஓட வேண்டும். அதோடு, வீதம் மாறிய அந்த வாரத்தின் கூலிச் சீட்டு ஒன்றை அச்சிட்டு அறிக்கையின் முதல் பக்கத்தில் செருகிவையுங்கள். தேர்வாளர் புரட்டும்போது கண்ணில் படட்டும்.