மாரத்தான் ஓடும் அம்மாவைப் பற்றி ஒரு படக்கதை நூல்: எழுதி, வரைந்து, நாமே வெளியிடுவது எப்படி?

மாரத்தான் ஓடும் தாயோ தந்தையோ அந்த அனுபவத்தைத் தம் குழந்தைக்கான படக்கதை நூலாக்கித் தாமே வெளியிட நினைத்தால், கதை யாருடைய கண் வழியாக நகரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். 42.195 கிலோமீட்டர் ஓடி முடித்தவருக்கு அந்தத் தூரம்தான் கதையாகத் தோன்றும். மாதக்கணக்கில் நீளும் பயிற்சி, முப்பது கிலோமீட்டரைத் தாண்டும்போது உடல் சேமித்து வைத்த மாவுச்சத்து தீர்ந்து கால்கள் கனத்துப்போவது, கடைசியில் கழுத்தில் விழும் பதக்கம் என எல்லாவற்றையும் சொல்லிவிட மனம் துடிக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கோ மாரத்தான் என்பது ஞாயிற்றுக்கிழமை கண் விழிக்கும்போது அம்மா பக்கத்தில் இல்லாதது. வாசலில் கிடக்கும் ஈர ஷூ, கூடமெங்கும் வீசும் தைல வாசனை, கறுத்துப்போன அம்மாவின் கட்டைவிரல் நகம். பதக்கம் பெற்றோருடையதாக இருக்கலாம். புத்தகம் குழந்தையுடையதாகவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது பிடிபடாத நூல் எவ்வளவு அழகாக அச்சானாலும் பெற்றோரின் சாதனைக் குறிப்பாகவே நின்றுவிடும்.

ஆகவே கதையில் குழந்தைக்கு ஓர் ஆசையும் செய்வதற்கு ஒரு வேலையும் இருந்தாக வேண்டும். போட்டி நாளையே எடுத்துக்கொள்ளலாம். சென்னையில் ஜனவரி மாதம் நடக்கும் மாரத்தானில் முழுத் தூரம் ஓடுபவர்கள் விடிவதற்கு முன்பே புறப்பட்டுவிடுவார்கள். ஆர்வத்துக்காக ஓடும் ஒருவர் முடிக்க நான்கைந்து மணி நேரமாவது ஆகும். ஆனால் வழியில் காத்திருக்கும் குழந்தைக்கு அம்மா கண்ணில் படுவது சில நொடிகள் மட்டுமே. அந்தச் சில நொடிகளுக்காக, அப்பாவின் தோளில் உட்கார்ந்து, தானே எழுதிய அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கடந்துபோகும் ஒவ்வொரு மஞ்சள் டீ ஷர்ட்டையும் பார்த்து “அதோ அம்மா!” என்று கத்தி ஏமாறும் ஒரு குழந்தை நான்கைந்து பக்கங்களைத் தானாகவே நகர்த்திச் சென்றுவிடும். உண்மையில் நீங்கள் ஓட்டத்தை முடித்தீர்களா, எத்தனை மணி நேரத்தில் முடித்தீர்கள் என்பதெல்லாம் இந்தக் கதைக்குத் தேவைப்படாமலே போகலாம்.

எழுதத் தொடங்குவதற்கு முன் சில வாரங்கள் குழந்தை கேட்கும் கேள்விகளை அப்படியே குறித்து வையுங்கள். “நீ ஃபர்ஸ்ட் வரவே இல்லையே, அப்புறம் எதுக்கு மெடல் குடுத்தாங்க?” என்பது போன்ற ஒரு கேள்வி, விடாமுயற்சியைப் பற்றிப் பெரியவர்கள் எழுதும் பத்து வரிகளைவிடக் கூர்மையானது. உரையாடலைப் பேச்சுத்தமிழிலும் கதை சொல்லும் வரிகளை எளிய எழுத்துத்தமிழிலும் வைத்துக்கொள்வது நல்லது. நான்கு முதல் ஆறு வயதுக்கான நூலுக்கு முந்நூறு சொற்களே தாராளம். தமிழில் ஒரே சொல் நீண்டுகொண்டே போகும் என்பதால் எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. “ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கிடையில்” என்பது கணக்கில் ஒரு சொல்தான், ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை அதன் பாதியிலேயே புத்தகத்தை மூடிவிடும். படத்தில் தெரிவதை வரியில் திரும்பச் சொல்லாதீர்கள். அம்மாவின் முகம் களைத்திருப்பதை ஓவியம் காட்டும்போது “அம்மா களைத்திருந்தாள்” என்ற வரிக்கு வேலையில்லை.

அடுத்தது பக்கத் திட்டம். நடுவில் பின் அடித்துக் கட்டும் நூலின் பக்கங்கள் நான்கின் மடங்காகவே இருக்க முடியும். முதல் முயற்சிக்கு 24 பக்கங்கள் போதும்: முதல் பக்கம் தலைப்பு, இரண்டாவது பதிப்புக் குறிப்பு, மூன்றாவதில் கதை தொடங்கினால் அதன்பின் எதிரெதிர்ப் பக்கங்களாகப் பத்து இணைகளும் முடிவுக்கென 24ஆம் பக்கமும் கிடைக்கும். ஆறு ஏ4 தாள்களை அடுக்கி நடுவில் மடித்தால் ஒரு மாதிரிப் புத்தகம் தயார். அதில் குச்சி உருவங்களை வரைந்து, வரிகளை எழுதி, பக்கத்தைப் புரட்டிப் புரட்டி உரக்கப் படித்துப் பாருங்கள். கேள்வி வலப்பக்கத்தின் அடியிலும் விடை புரட்டியவுடன் வரும் இடப்பக்கத்திலும் அமைந்தால்தான் குழந்தையின் கை தானாகப் பக்கத்தைத் திருப்பும்.

நீங்களே வரைபவர் அல்லர் என்றால் ஓவியருடன் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் அவசியம். நண்பராக இருந்தால் இன்னும் அவசியம். தொகை, எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், படங்களை மின்னூலிலும் மொழிபெயர்ப்பிலும் பயன்படுத்தலாமா ஆகியவற்றுடன் காலத்தையும் எல்லையையும் அதில் குறிப்பிடுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் சொல்லப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் சொல்லப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். மாதிரிக்கு நீங்கள் எடுத்த புகைப்படங்களையே ஓவியரிடம் கொடுங்கள்; போட்டி நடத்துவோர் விற்கும் புகைப்படங்களைப் பார்த்து வரையச் சொல்ல வேண்டாம். மார்பில் குத்தும் எண் அட்டையில் விளம்பரதாரர் சின்னமோ ஷூவில் நிறுவனக் குறியோ இல்லாமல் வரைவதும் பாதுகாப்பானது.

ஓட்டக் கதைக்கே உரிய ஒரு சிக்கல் நிறத்தில் இருக்கிறது. ஓடுபவர்கள் அணியும் பளீரென்ற பச்சையும் இளஞ்சிவப்பும் திரையில் மின்னும். அச்சகத்தின் நான்கு வண்ண மையில் அவை மங்கிவிடும், ஏனென்றால் ஒளிரும் நிறங்களைச் சிஎம்ஒய்கே எனப்படும் இந்த நான்கு வண்ண முறையால் தர இயலாது. எனவே ஓவியரைத் தொடக்கத்திலிருந்தே சிஎம்ஒய்கே முறையில் வேலை செய்யச் சொல்லுங்கள். விடிவதற்கு முந்தைய காட்சிகள் அடர்நீலத்தில் வரும்போது அதன்மேல் வெள்ளையில் சிறிய எழுத்துகளை வைக்கும் ஆசையும் எழும். அச்சில் மை சற்றே பரவினாலும் புள்ளிகள் அடைபட்டுப்போகும். “கண்” என்பதைக் குழந்தை “கண” என்று படிக்கும். எழுத்துக்கென வெளிர்நிற இடத்தை ஓவியத்திலேயே ஒதுக்கி, அங்கே கறுப்பு மையில் மட்டும் அச்சிடுவது மேல்.

எழுத்துருவுக்குச் செலவு செய்யத் தேவையில்லை. முக்த மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் யூனிகோடு எழுத்துருக்கள். தலைப்புக்குப் பலூ தம்பி பொருந்தும். பழைய முறை எழுத்துருக்களைப் பயன்படுத்தும் அச்சகத்தார் வரிகளை மாற்றித் தட்டும்போது பிழைகள் நுழையும் என்பதால், பக்கங்களை நீங்களே முடித்து, எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி, “கொடு” என்பது சிதைந்து நிற்கும். படங்கள் அச்சு அளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருக்கட்டும். வெட்டுக்காக நான்கு புறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரையப்பட்டிருக்கட்டும்.

அச்சகத்தைத் தேடும் வேலையை ஓவியம் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், ஏனெனில் அவர்களது தாளில் வீணாகாமல் வெட்டக்கூடிய அளவே உங்கள் நூலின் அளவைத் தீர்மானிக்கும். உறவினருக்கும் நண்பர்களுக்குமாக ஐம்பது படிகள் போதுமென்றால் டிஜிட்டல் அச்சு. ஐந்நூறுக்கு மேல் போகும்போதுதான் தகடு செய்து அடிக்கும் ஆஃப்செட் அச்சு கட்டுப்படியாகும். உள்ளே 130 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஆர்ட் தாளும், மேட் லேமினேஷன் செய்த 300 ஜிஎஸ்எம் அட்டையும் சின்னக் கைகளைத் தாங்கும். மொத்த அச்சுக்கு முன் ஒரு படியை அடித்து வாங்கி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். குழந்தையிடமும் கொடுத்துப் பாருங்கள்.

விற்பதாக இருந்தால் ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேச நூல் அடையாள எண்ணைப் பெறுவது நல்லது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாக வழங்குகிறது. தனிநபரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம், அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண் வேண்டும். 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான முப்பது நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குத் தலா ஒரு படி அனுப்ப வேண்டும். சொந்த வெளியீட்டாளர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். லாபம் நோக்கமில்லை என்றால் பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் என்ற இலவசக் கதைத் தளத்தில் ஏற்றிவிடலாம். அங்கே கதையையும் படங்களையும் யாரும் எடுத்தாளலாம் என்பதால் ஓவியரின் சம்மதத்தை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அச்சுப் படிகளை விற்கப் புத்தகக் கடையைவிட உள்ளூர் ஓட்டக் குழுவும், போட்டிக்கு முந்தைய நாள் எண் அட்டை வழங்கும் அரங்கும் பொருத்தமான இடங்கள். அங்கே கடை போட முன்பதிவும் கட்டணமும் தேவைப்படலாம் என்பதால், அச்சுக்குக் கொடுக்கும்போதே அமைப்பாளர்களிடம் பேசி வையுங்கள்.