"வராது" இல்ல, "இன்னும் வரேல்ல"

புதுசா ஒண்டப் படிக்கேக்க முதல் வேல, "எனக்குச் சிங்களம் வராது" எண்டுறத விட்டுட்டு "இன்னும் வரேல்ல" எண்டு சொல்லிப் பழகுங்கோ, சின்ன மாத்தம்தான், ஆனா அடுத்து என்ன செய்யலாம் எண்டு மண்டை தானா யோசிக்கும். பிறகு தெரிஞ்ச அரைகுறையோடயே கதையுங்கோ. நான் கொழும்பில 100ஆம் நம்பர் பஸ்ல வெள்ளவத்தையில இறங்கேக்க "பஹினவா" எண்டுறதுக்குப் பதிலா "பனினவா" எண்டுட்டன், அதாவது இறங்கிறன் எண்டுறத ஏசுறன் எண்டு சொல்லியிருக்கிறன், கண்டக்டர் சிரிச்ச சிரிப்பு இருக்கே! வெக்கம்தான், ஆனா அந்தச் சொல் இனி மறக்காது. அதால விட்ட பிழைய அண்டைக்கே ஃபோன்ல குறிச்சு, அடுத்த நாள் பாக்காம ஞாபகப்படுத்துங்கோ, பிறகு 3 நாள், 1 கிழமை எண்டு இடைவெளிய கூட்டுங்கோ, சும்மா திருப்பித் திருப்பி வாசிக்கிறதவிட நல்லா நிக்கும். பிள்ளையள் ஒரு கணக்கச் சரியாச் செஞ்சாலும் "கெட்டிக்காரன்" எண்டு மட்டும் சொல்லாம அத எப்பிடிச் செஞ்சாய் எண்டு கேளுங்கோ.