கொல்கத்தாவ ரெண்டு நாள்ல சுத்திப் பாக்கணுமா, அலாரத்த நாலரைக்கு வைங்க

கொல்கத்தா போற நம்ம ஆளுங்க நிறைய பேர் பண்ற தப்பு என்னன்னா, நம்ம ஊர் டைம்ல அந்த ஊர பாக்கப் போறது. கடிகாரம் ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான், சூரியன் அப்படி இல்ல. ஊரு அவ்ளோ கிழக்கால இருக்கறதுனால டிசம்பர்ல சாயங்காலம் அஞ்சு அடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும், ஜூன்ல காலைல அஞ்சுக்கு முன்னாடியே விடிஞ்சிடும். இது தெரியாம நாங்க மொத தடவ போனப்ப நல்லா சாப்ட்டு ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சு டீ எல்லாம் குடிச்சிட்டு நாலரைக்கு விக்டோரியா மெமோரியல் வாசல்ல போய் நின்னோம், இருட்டிக்கிட்டு வருது, அதுவும் அன்னைக்கு திங்கக்கிழமை, கேலரி லீவு. எங்கம்மா கேட்டாங்க, "ஏன்டா, ஒரு நாளுக்கு மேல ட்ரெயின்ல உக்கார வச்சு கூட்டிட்டு வந்தியே, இந்த கேட்ட காட்டவா?"

அதனால மொத வேலை, ட்ரெயின் டிக்கெட் போடறதுக்கு முன்னாடி கிழமைய பாருங்க. விக்டோரியா மெமோரியல் கேலரி, இந்தியன் மியூசியம் ரெண்டுமே திங்கக்கிழமை கிடையாது. மாசம்னு பாத்தா நவம்பர் கடைசிலேர்ந்து பிப்ரவரி வரைக்கும் நல்லாருக்கும், ஏப்ரல் மே பக்கம் போனா புழுக்கத்துல சட்டை முதுகோட ஒட்டிக்கும், மெட்ராஸ்காரங்களுக்கே தாங்காது. துர்கா பூஜை டைம்ல போகலாமான்னு கேப்பாங்க. பூஜை பாக்கணும்னா தாராளமா போங்க, ஆனா இந்த கட்டடங்கள எல்லாம் நிதானமா பாக்கணும்னா அந்த வாரம் வேண்டாம், ஊரே ராத்திரி பூரா ரோட்டுல இருக்கும், பத்து நிமிஷ தூரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

இன்னொரு விஷயம், லிஸ்ட் போட்டு டிக் அடிக்காதீங்க. அந்த ஊருக்கு முதுகெலும்பு ஹூக்ளி ஆறு. கங்கையோட ஒரு கிளைதான் அது, அங்க இருக்கறவங்க கங்கான்னுதான் சொல்லுவாங்க. அந்த ஆத்த பாலத்து மேல நடந்து ஒரு தடவ, போட்டுல ஒரு தடவ, தண்ணிக்கு அடில மெட்ரோல ஒரு தடவன்னு மூணு விதமா தாண்டுற மாதிரி பிளான் போட்டீங்கன்னா பாக்க வேண்டிய இடம் முக்காவாசி தானா வழில வந்துடும்.

மொத நாள் காலைல அஞ்சரைக்கெல்லாம் மல்லிக் காட் பூ மார்க்கெட்ல இருக்கணும். ஹவுரா பாலத்துக்கு அடிலயே, கொல்கத்தா கரைல இருக்கு. டாக்ஸிக்காரர்கிட்ட "ஃபூல் பஜார்"னு சொன்னா போதும். நம்ம கோயம்பேடு பூ மார்க்கெட் பாத்தவங்களுக்கு பூ புதுசு இல்ல, இடம்தான் புதுசு. செண்டுமல்லிய மஞ்சளும் ஆரஞ்சுமா ஆள் உயரத்துக்கு மேல சரம் கோத்து, அத வண்டிக்கயிறு மாதிரி சுருட்டி தோள்ல போட்டுக்கிட்டு நிப்பாங்க, ஒரு ஆளு மேல இருபது முப்பது சரம், மூஞ்சி மட்டும்தான் தெரியும். சம்பங்கி, செவ்வந்தி, வில்வ இலை, தாமரை மொட்டுன்னு தரை பூரா பரப்பியிருக்கும், அதுக்கு நடுவுல நசுங்குன பூவும் தண்ணியும் சேந்து சொதசொதன்னு இருக்கும், அதனால வெள்ளை பேன்ட், புது ஷூ எல்லாம் ரூம்லயே விட்டுட்டு வாங்க. தலைல கூடை வச்சிட்டு வர்றவங்க "ஷொரே ஜான், ஷொரே ஜான்"னு கத்திக்கிட்டு வருவாங்க, நகருங்கன்னு அர்த்தம். கத்துனா நின்னு திரும்பிப் பாக்காதீங்க, ஓரமா ஒதுங்கிடுங்க, அவங்களுக்கு பிரேக் கிடையாது. ஃபோட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தலையாட்டல், ஒரு சிரிப்பு, அது போதும். ஒரு பத்து ரூபாய்க்கு பூ வாங்குனீங்கன்னா அவரே போஸ் குடுப்பார்.

மார்க்கெட்டுக்கு பின்னாடி படித்துறை இருக்கு, அங்க போய் பாலத்த அண்ணாந்து பாருங்க, ஹவுரா பாலம் கீழேர்ந்து பாத்தாத்தான் பயமா இருக்கும். 705 மீட்டர் நீளம், நடுவுல 457 மீட்டருக்கு ஆத்துல ஒரு தூண் கூட கிடையாது, ரோடு மேலேர்ந்து தொங்குது. மொத்தமும் ரிவிட் அடிச்சது, நட்டு போல்ட்டு இல்ல. 1943 பிப்ரவரில திறந்தப்ப ஜப்பான்காரன் குண்டு போட்டுடுவான்ங்கற பயத்துல திறப்பு விழா கூட வைக்கல. ஆனா குண்டுக்கு தப்புன பாலத்துக்கு வெத்தல பாக்கு வந்து வாய்ச்சது பாருங்க, நடந்து போறவங்க எல்லாம் பான் போட்டு துப்பித் துப்பி இரும்பே அரிச்சுப் போச்சு, அப்புறம் அடிப்பக்கத்துக்கு ஃபைபர் கவசம் போட்டாங்க. அதிகாரப்பூர்வ பேரு ரவீந்திர சேது, 1965ல வச்சாங்க, ஆனா அந்த பேர சொல்லி வழி கேட்டா டாக்ஸிக்காரரே ஒரு செகண்ட் யோசிப்பார்.

மார்க்கெட் பக்கத்துலயே மேல ஏற படிக்கட்டு இருக்கு. ஏறி ஹவுரா பக்கமா நடங்க, ஒரு கால் மணி நேரம் ஆகும். பாலத்து மேல நின்னு ஃபோட்டோ எடுக்க தடை இருக்கு, எடுக்கறவங்கள பாப்பீங்க, ஆனா போலீஸ்காரர் கண்ணுல பட்டா கூப்பிட்டு டெலீட் பண்ணச் சொல்லுவார், எனக்கு நடந்துச்சு. கேமராவ பைல வச்சிட்டு நடங்க, எப்படியும் ஆளுங்க இடிச்சிக்கிட்டே போவாங்க, நடுவுல நின்னீங்கன்னா ட்ராஃபிக் ஜாம் உங்களாலதான்.

அந்தக் கரைல இறங்குனா ஹவுரா ஸ்டேஷன். மெட்ராஸ்லேர்ந்து ஹவுரா மெயில் ட்ரெயின்ல வந்தவங்க ஏற்கனவே பாத்திருப்பீங்க, ஆனா தூக்கக் கலக்கத்துல பெட்டியும் கையுமா பாக்கறது வேற, வெறுங்கையோட செவப்பு கட்டடத்த வெளிலேர்ந்து பாக்கறது வேற. இப்ப இருக்கற கட்டடம் 1905ல வந்தது. எதிர்ல இருக்கற படகுத்துறைல டிக்கெட் வாங்கி பாபுகாட் போற போட்டுல ஏறுங்க, டிக்கெட் ஒரு டீ காசுதான். பாலத்துக்கு ஃபோட்டோ இங்கதான். மொத்த பாலமும் ஒரே ஃப்ரேம்ல விழற மாதிரி போட்டோட பின்பக்கம், பாலத்த பாத்து நின்னுக்கோங்க, ஏறுனதும் எல்லாரும் முன்னாடி ஓடுவாங்க, நீங்க ஓடாதீங்க.

கரைல இறங்குனதும் மண் குவளைல டீ. அத பாட்‌னு சொல்லுவாங்க, குடிச்சிட்டு அங்க வச்சிருக்கற தொட்டில போட்டு உடைக்கணும். எங்கம்மா ரெண்ட கழுவி பைல வச்சிக்கிட்டாங்க, இன்னமும் வீட்ல ஒண்ணுல மல்லி விதை இருக்கு.

அங்கேர்ந்து பிபிடி பாக் பக்கம்தான், பழைய பேரு டல்ஹௌசி ஸ்கொயர். 1868ல கட்டுன வெள்ளை டோம் வச்ச ஜிபிஓ, அதாவது பெரிய போஸ்ட் ஆபீஸ், ஒரு பக்கம் பூரா நீண்டு கிடக்கற செவப்பு ரைட்டர்ஸ் பில்டிங், எல்லாம் வெளில நின்னு பாக்கறதுதான், முக்கா மணி நேரத்துக்கு மேல செலவு பண்ணாதீங்க.

வெயில் ஏறுனதும் இந்தியன் மியூசியம். 1814ல ஆரம்பிச்சது, நாட்டுலயே பழசு, உள்ளூர்ல ஜாதுகர்னு பேரு. உள்ள போன எல்லாரும் நேரா எகிப்து மம்மிய தேடி ஓடுறாங்க. மம்மிய பாருங்க வேணாங்கல, ஆனா பார்ஹுத் கேலரிய விட்டுடாதீங்க. மத்தியப் பிரதேசத்துல கிடைச்ச ஸ்தூபத்தோட கல் வேலி, செவந்த கல்லு, ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசு. எழும்பூர் மியூசியத்துல அமராவதி சிற்பம் பாத்தவங்க இத பாத்தா ரெண்டுத்தையும் மனசுக்குள்ள பக்கத்துல வச்சுப் பாக்காம இருக்க முடியாது, அங்க பளிங்கு மாதிரி வழுவழுன்னு இருக்கும், இங்க உருவம் எல்லாம் கொஞ்சம் வெறப்பா, கதை சொல்ற மாதிரி இருக்கும், பக்கத்துலயே என்ன கதைன்னு பிராமிங்கற பழங்கால எழுத்துல வெட்டியிருக்கும். மேல மாடி எல்லாம் சுத்தணும்னா ஒரு நாள் போறாது, கால் வலிக்க ஆரம்பிச்சதும் வெளில வந்துடுங்க.

ரெண்டரை மூணுக்கு விக்டோரியா. தோட்டத்துக்கு தனி டிக்கெட், கேலரிக்கு தனி, கவுன்டர்ல எதுன்னு சொல்லி வாங்குங்க. தாஜ்மகாலுக்கு கல்லு வந்த அதே மக்ரானாலேர்ந்துதான் இதுக்கும் கல்லு வந்துச்சு. 1901ல விக்டோரியா ராணி செத்ததும் அப்ப வைஸ்ராயா இருந்த கர்சன் போட்ட பிளான், 1906ல அடிக்கல், கட்டி முடிச்சு திறந்தது 1921ல. அதுக்கு நடுவுல 1911ல தலைநகரத்தையே டெல்லிக்கு மாத்தறதா அறிவிச்சிட்டாங்க, அதாவது வீட்டுக்காரன் வேற ஊருக்கு கிளம்பிட்டான், கிரகப்பிரவேசம் பத்து வருஷம் கழிச்சு நடந்துருக்கு! முன்வாசல்ல எல்லாரும் செல்ஃபி எடுக்கற இடத்த விட, பக்கவாட்டுல குளத்துக்கு அந்தாண்ட போங்க, டோம் தண்ணில முழுசா விழும். வெளிச்சம் சாயறப்ப அந்த வெள்ளைக் கல்லு மொதல்ல லேசா மஞ்சளாகி அப்புறம் கிட்டத்தட்ட ரோஸ் கலருக்கு வரும், அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் சீக்கிரம் வரச் சொல்றேன். அது முடிஞ்சா வெளில புச்கா. நம்ம பானிபூரிதான், ஆனா புளித்தண்ணி, உருளைக்கிழங்கு மசாலா ரெண்டும் வேற லெவல். இலைத்தொன்னைய நீட்டிக்கிட்டே நிக்கணும், போதும்னு சொல்ற வரைக்கும் போட்டுக்கிட்டே இருப்பார்.

டாக்ஸி பத்தி ஒரு வார்த்தை. மஞ்சள் அம்பாசிடர்ல ஒரு தடவையாவது ஏறிடுங்க, 2014லயே அந்த காரு தயாரிக்கறத நிறுத்திட்டாங்க, இருக்கறதும் வயசாகி கழிஞ்சிக்கிட்டே வருது. ஆனா ஏறறதுக்கு முன்னாடி ரேட்ட பேசிடணும். நான் பேசாம ஏறி, ரெண்டு கிலோமீட்டருக்கு என்ன குடுத்தேன்னு வீட்ல இன்னமும் சொல்லல. "தாதா, கொத்தோ?" அப்படின்னு கேளுங்க, அண்ணா எவ்ளோன்னு அர்த்தம், பெண்கள்னா தீதி. உச்சரிப்பு கேவலமா இருந்தாலும் பரவால்ல, கேட்டாலே மூஞ்சி மாறும். ட்ராம் இப்ப ரொம்ப கம்மியான ரூட்லதான் ஓடுது, எஸ்பிளனேட்ல நின்னுக்கிட்டு இருந்தா எங்க போகுதுன்னு கேக்காம ஏறி நாலு ஸ்டாப் தள்ளி இறங்கிக்கலாம்.

சாப்பாட்டுக்கு சைவக்காரங்க பயப்படாதீங்க. காலைல லூச்சி (மைதா பூரி), ஆலூர் தம் (உருளைக்கிழங்கு மசாலா), மத்தபடி மிஷ்டி தோய்ங்கற இனிப்பு தயிர் எங்கயும் கிடைக்கும், மண் சட்டில உறைஞ்சது. கடுகெண்ணெய் வாசனை மொத நாள் மூக்குல ஏறும், ரெண்டாவது நாள் பழகிடும். பழகலன்னா லேக் மார்க்கெட் பக்கம் போங்க, நம்ம ஆளுங்க தலைமுறையா இருக்கற ஏரியா, இட்லி காபி எல்லாம் உண்டு. அசைவக்காரங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கு, பிரியாணில முழு உருளைக்கிழங்கு வந்தா கோவப்படாதீங்க, அது அந்த ஊரு மரியாதை.

ரெண்டாவது நாள் காலைல மெட்ரோ புடிச்சு தக்ஷினேஸ்வர், ப்ளூ லைன்ல கடைசி ஸ்டேஷன். ராணி ராஷ்மோனி 1855ல கட்டுன காளி கோயில், ராமகிருஷ்ணர் பூஜை பண்ண இடம். ஒம்போது கோபுரம் மேல, ஆத்தங்கரையோரமா வரிசையா பன்னெண்டு சிவன் சன்னதி. செருப்பு, பை, ஃபோன் எல்லாத்தையும் வெளில குடுத்துட்டுத்தான் போகணும், அதனால வீட்டுக்காரங்கள எங்க மீட் பண்றதுன்னு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க, நாங்க வைக்காம அரை மணி நேரம் ஒருத்தர ஒருத்தர் தேடுனோம். சனி, செவ்வாய் கூட்டம் ஜாஸ்தி.

பக்கத்துலயே படகுத்துறை, அங்கேர்ந்து போட்டுல பேலூர் மடம். ரெண்டு இடத்துலயும் மத்தியானம் நடை சாத்திடுவாங்க, அதனால பதினோரு மணிக்குள்ள பேலூர்ல இருக்கற மாதிரி பாத்துக்கோங்க. நம்ம மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்துக்கெல்லாம் தலைமையிடம் இதுதான். பெரிய கோயில் ஒரு பக்கம் பாத்தா சர்ச் மாதிரி, இன்னொரு பக்கம் மசூதி மாதிரி, கிட்ட போனா கோயில், அப்படி யோசிச்சே கட்டியிருக்காங்க. அங்க யாரும் சத்தமா பேசறதில்ல. எங்க மாமா மட்டும் பேசினார்.

பேலூர்லேர்ந்து பஸ்ல ஹவுரா வந்துடலாம். இப்பதான் மூணாவது விதம். ஹவுரா மெட்ரோ ஸ்டேஷன் முப்பது மீட்டருக்கு மேல ஆழத்துல இருக்கு, எஸ்கலேட்டர்ல எறங்கிக்கிட்டே இருப்பீங்க. 2024 மார்ச்ல ஓட ஆரம்பிச்ச லைன், ஆத்துக்கு அடில 520 மீட்டர், தாண்ட முக்கா நிமிஷம்தான். ஃபோன நோண்டிக்கிட்டு இருந்தா போச்சு. ஹவுராவ விட்டு கிளம்புனதும் ஜன்னலுக்கு வெளில சுரங்கத்துல நீல லைட்டு வரும், அது வந்தா தலைக்கு மேல ஆறு ஓடுதுன்னு அர்த்தம். எங்க பொட்டில ஒரு பாட்டி சட்டுன்னு கைய கூப்பி கும்பிட்டாங்க, கங்கை ஆச்சே.

எஸ்பிளனேட்ல இறங்கி சாப்ட்டு, மூணரைக்கு டாக்ஸில பிரின்செப் காட். 1840கள்ல கட்டுன வெள்ளைத் தூண் மண்டபம், ஜேம்ஸ் பிரின்செப் ஞாபகமா. அசோகர் கல்வெட்டு பிராமிய படிச்சு சொன்ன மனுஷன், அவர் வழி போட்டதுக்கு அப்புறம்தான் நம்ம குகைகள்ல இருக்கற தமிழி, அதாவது தமிழ் பிராமி எழுத்தையும் படிக்க முடிஞ்சுது, அதனால நேத்து மியூசியத்துல பார்ஹுத் எழுத்த பாத்தவங்க இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. பின்னாடியே படகு கிடைக்கும். இது நாட்டுப் படகு, மோட்டார் இல்ல, அரை மணியா ஒரு மணியா, தலைக்கா படகுக்கான்னு ஏறறதுக்கு முன்னாடியே பேசிக்கோங்க, மொதல்ல சொல்ற ரேட்டு ரேட்டு இல்ல. வித்யாசாகர் சேது, 1992ல திறந்த கேபிள் பாலம், அதுக்கு கீழ சூரியன் இறங்கும். டிசம்பர்னா நாலரைக்கெல்லாம் படகுல உக்காந்துடுங்க. ஏறும்போது செருப்ப கையில எடுத்துக்கோங்க, படித்துறைல கடைசி நாலு படி பூரா சேறு, மாமா அங்கதான் வழுக்கி விழுந்தார்.