முதல் தடவ பார்கேம்ப் போறீங்களா? கைல ஒரு டாபிக்கோட போங்க

பார்கேம்ப், அன்கான்ஃபரன்ஸ், எந்தப் பேர்ல நடந்தாலும் விஷயம் ஒண்ணுதான், பெரும்பாலும் டெக் ஆளுங்க கூடுற, வந்தவங்களே பேசி நடத்திக்கற கூட்டம். யார் பேசப் போறாங்க, என்ன பேசப் போறாங்கன்னு அன்னிக்குக் காலைல வரைக்கும் யாருக்குமே தெரியாது, நடத்துறவங்களுக்கும் சேர்த்துதான். இடம், கரண்ட், வைஃபை, ஒரு பெரிய போர்டு, இதோட அவங்க வேலை முடிஞ்சுது, மிச்சத்த வந்தவங்கதான் பாத்துக்கணும். 2005 ஆகஸ்ட்ல கலிஃபோர்னியாவுல பாலோ ஆல்டோல நடந்த முதல் பார்கேம்ப்பே இப்படித்தான். டெக் புத்தகம் போடற டிம் ஓ'ரெய்லி கூப்பிட்டவங்க மட்டும் போற ஃபூ கேம்ப்னு ஒரு கூட்டம் அப்ப இருந்துச்சு, நாம யார் வேணா வரலாம்னு ஒண்ணு வைப்போம்னு சில பேர் சேர்ந்து ஒரு வாரத்துக்குள்ள ஏற்பாடு பண்ணி, 200 பேர் கிட்ட வந்துட்டாங்க.

அதனால போறதுக்கு முன்னாடி யார் யார் பேசுறாங்கன்னு லிஸ்ட் தேடாதீங்க, இருக்காது. நீங்க எதப் பத்திப் பேசலாம்னு யோசிங்க. முதல் தடவ வர்றவங்க கண்டிப்பா பேசணும்னு பார்கேம்ப் விதிகள்ல இருக்கு, பதறாதீங்க, அதுக்குப் பக்கத்துலயே நெஜமாவே கட்டாயம் இல்ல, யார் கூடயாவது சேர்ந்து பேசப் பாருங்க, இல்லாட்டி கேள்வியாவது கேளுங்கன்னும் இருக்கு. சும்மா வேடிக்கை பாக்க வராதீங்கங்கறதுதான் அதோட சாரம்.

டாபிக்னதும் எல்லாரும் பெருசா யோசிச்சு மாட்டிக்குவாங்க. டேட்டாபேஸ் ஓர் அறிமுகம்னு போர்டுல ஒட்டினா யார் வருவா, அது வீட்லயே வீடியோ பாத்துக்கலாமே. பேக்கப் எடுத்து வெச்சிருந்தோம், ஆனா ரீஸ்டோர் ஆகல, ஏன்னு பாருங்கன்னு எழுதுங்க, கூட்டம் தானா வரும். பேச ஒண்ணுமே இல்லன்னு தோணுச்சுன்னா கேள்வியவே டாபிக்கா வைக்கலாம். மூணு பேர் இருக்கற டீம்ல கோட் சரியா ஓடுதான்னு பாக்கற டெஸ்ட் எழுத எப்படிங்க நேரம் ஒதுக்கறீங்கன்னு கேட்டு ஒரு ஸ்லாட், அதாவது போர்டுல ஒரு நேரமும் ரூமும், எடுங்க, பதில் தெரிஞ்சவங்களும் அதே தலைவலி இருக்கறவங்களும் வந்து உக்காருவாங்க, நீங்க பேச்சு தடம் மாறாம பாத்துக்கிட்டா போதும். என்னக் கேட்டா ஸ்லைடு போட்டு ஓட்டுற செஷன விட இந்த மாதிரி செஷன்தான் நல்லா இருக்கும்.

காலைல மட்டும் லேட்டா போகாதீங்க. நல்ல ஸ்லாட் எல்லாம் முதல் அரை மணி நேரத்துலயே போயிடும். அறிமுகம்னு எல்லாரையும் வரிசையா பேச விடுவாங்க, பேரும் மூணு வார்த்தையும்தான், ஆரம்பத்துல இருந்தே உள்ள வழக்கம் அது. டெவலப்பர், லினக்ஸ், ஆர்வலர்னு சொன்னா யாருக்கும் ஞாபகம் இருக்காது, ஓசிஆர் (படத்துல இருக்கற எழுத்த கம்ப்யூட்டர் படிக்கறது), பழைய புத்தகம், பைத்தான்னு சொல்லிப் பாருங்க, டீ பிரேக்ல ஒருத்தராவது தேடி வருவாங்க. அப்புறம் ஸ்டிக்கி நோட்ல டாபிக்கும் பேரும் பெரிய எழுத்துல எழுதி போர்டுல ஒட்டணும். ஒட்டுறதுக்கு முன்னாடி அதே நேரத்துல பக்கத்து ரூம்ல என்ன ஓடுதுன்னு பாத்துக்கோங்க. உங்க டாபிக்கயே இன்னொருத்தர் போட்டிருந்தா போட்டி வேணாம், ரெண்டையும் ஒண்ணா சேத்துடலாமான்னு கேளுங்க, பாதிக்குப் பாதி வேலை குறையும். கலந்துரையாடல்னா சின்ன ரூம் எடுங்க, பெரிய ஹால்ல பத்துப் பேர் பத்து மூலைல உக்காந்தா பேச்சே வராது.

கொண்டு போற சாமான்ல முக்கியமானது புரொஜெக்டருக்கான அடாப்டர். வைஃபைய நம்பி டெமோ வைக்காதீங்க, அத்தன பேர் ஒரே நேரத்துல கனெக்ட் பண்ணா அது படுத்துடும், லேப்டாப்லயே ஓடற மாதிரி வெச்சுக்கோங்க, இல்லாட்டி முன்னாடியே ரெக்கார்ட் பண்ணிடுங்க. ஃபான்ட் பெருசு பண்ணுங்க, நோட்டிஃபிகேஷன ஆஃப் பண்ணுங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ணு எடுத்துட்டுப் போனீங்கன்னா அன்னிக்கு உங்களுக்கு நண்பர்களுக்குப் பஞ்சமே இருக்காது.

ஸ்லாட் அரை மணி நேரம்னா நீங்க பத்து நிமிஷம் பேசுங்க, மிச்சத்த விட்டுடுங்க. நடுவுல எவ்வளவு நல்லா போனாலும் அடுத்தவங்க ஸ்லாட் வந்ததும் எந்திரிச்சுடணும், விட்ட இடத்துல இருந்து வெளில நின்னு பேசிக்கலாம், யார் தடுக்கப் போறா. கம்பெனி பிராடக்ட் விக்கற வேலை மட்டும் வேணாம், ரெண்டாவது நிமிஷத்துலயே கண்டுபுடிச்சுடுவாங்க.

செஷன் புடிக்கலன்னா பாதில எந்திரிச்சுப் போறது இங்க தப்பே இல்ல. 1980கள்ல ஹாரிசன் ஓவன் ஓப்பன் ஸ்பேஸ்னு ஒரு கூட்ட முறைய உருவாக்கினாரு, அன்கான்ஃபரன்ஸ் நடத்துறவங்க நெறைய எடுத்துக்கிட்டது அங்க இருந்துதான். அதுல ரெண்டு கால் சட்டம்னு ஒண்ணு உண்டு, இருக்கற இடத்துல நீங்க கத்துக்கவும் இல்ல, கத்துக் குடுக்கவும் இல்லன்னா கால் இருக்குல்ல, வேற இடம் போயிடுங்க. சந்தேகமா இருந்தா கதவு பக்கமா உக்காந்துக்கோங்க, சத்தம் போடாம கிளம்ப வசதி. உங்க செஷன்ல இருந்து நாலு பேர் எந்திரிச்சுப் போனாலும் மனசுல வெச்சுக்காதீங்க. வந்ததே மூணு பேர்தானா, மேடை மைக் எல்லாத்தையும் விட்டுட்டு நாற்காலிய வட்டமா இழுத்துப் போட்டு ஒவ்வொருத்தரும் எதுக்கு வந்தாங்கன்னு கேட்டு ஆரம்பிங்க. வந்தவங்கதான் சரியான ஆளுங்கன்னு ஓவன் வெச்ச கொள்கையும் ஒண்ணு இருக்கு, சமாதானத்துக்குச் சொல்றதில்ல, மூணு பேர்ன்றதால நூறு பேர் முன்னாடி கேக்கத் தயங்குற கேள்வி எல்லாம் வெளில வரும்.

கூச்ச சுபாவம்னா வாலண்டியரா சேந்துடுங்க. பேட்ஜ் குடுக்கறது, ரூம் காட்டுறதுன்னு ஒரு வேலை கைல இருந்தா அறிமுகம் இல்லாதவங்ககிட்ட பேச காரணம் தேட வேண்டியதில்ல. போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க, சில இடத்துல போட்டோ வேணாம்ங்கறவங்களுக்குத் தனி கலர் பேட்ஜ் குடுப்பாங்க. நடத்தை விதி போட்டிருந்தா ஒரு தடவ படிச்சுடுங்க, ஏதாச்சும்னா யார்கிட்ட சொல்லணும்னு அதுலதான் இருக்கும்.

நோட்ஸ் எடுக்கறத ஒருத்தர் தலைல கட்டாம எல்லாரும் எழுதற மாதிரி ஒரே டாக்குமென்ட் ஓப்பன் பண்ணிடுங்க, லிங்க்க கூட்டத்தோட ஹேஷ்டேக் போட்டுப் பகிருங்க. சொல்லப்போனா ட்விட்டர்ல ஹேஷ்டேக் போடலாமேன்னு 2007ல சொன்ன கிறிஸ் மெசினா முதல் பார்கேம்ப் நடத்துனவங்கள்ல ஒருத்தர், அவர் அப்ப காட்டுன உதாரணமே பார்கேம்ப்தான். ஸ்லைட அன்னிக்கு ராத்திரியே ஏத்திடுங்க, அப்புறம் பண்ணிக்கலாம்னு விட்டா நடக்காது. சாயங்காலம் கிளம்பும்போது நாற்காலி அடுக்க ஒரு கை குடுத்துட்டு, அடுத்தது எப்ப, இடம் கெடச்சுதான்னு நடத்துறவங்ககிட்ட கேளுங்க, பெரும்பாலும் அவங்க அலைஞ்சுட்டு இருக்கறது இடத்துக்குத்தான்.